மூளையில் அடிபட்டவர் எழுந்து நடந்துவிட்டால் உதவித்தொகை கிடையாதா?

சிங்கப்பூரில் உட்லண்ட்ஸில் வசிக்கும் ஒரு சகோதரி கேட்டிருக்கிறார்: "என் தம்பிக்கு வயது 33. ஏழு மாதத்துக்கு முன் மோட்டார் சைக்கிள் விபத்தில் தலையில் பலத்த அடி. அறுவை சிகிச்சை, அப்புறம் சமூக மருத்துவமனை, இப்போது வீட்டில் இருக்கிறான். நடக்கிறான், தானே குளிக்கிறான், தானே சாப்பிடுகிறான். ஆனால் பழைய ஆளாக இல்லை. அடுப்பை அணைக்க மறக்கிறான். சின்ன விஷயத்துக்கெல்லாம் கத்துகிறான். கையில் காசு கொடுத்தால் அன்றைக்கே தீர்த்துவிடுகிறான். அவன் மனைவி வேலையை விட்டுவிட்டுக் கூடவே இருக்கிறாள். கடும் உடற்குறைக்கு மாதாமாதம் பணம் தரும் கேர்ஷீல்டு லைஃப் காப்பீட்டுக்கு விண்ணப்பித்தோம், தகுதியில்லை என்று கடிதம் வந்துவிட்டது. அரசாங்கத்திடமிருந்து வேறு எதுவுமே கிடைக்காதா?"

கிடைக்கும். கேர்ஷீல்டு கடிதத்தைப் பார்த்ததும் எல்லாம் முடிந்தது என்று ஒதுங்கிவிடும் குடும்பங்களை, நான் மருத்துவ சமூக சேவையாளராக வேலை பார்த்த காலத்தில் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களில் பலருக்கு வேறு திட்டங்களில் பணம் வர வழியிருந்தது. அதை யாரும் அவர்களுக்கு எடுத்துச் சொல்லவில்லை, அவ்வளவுதான். உங்கள் தம்பிக்கு எதில் வாய்ப்பு இருக்கிறது, எதில் இல்லை என்பதைச் சொல்வதற்கு முன், ஏன் மறுத்தார்கள் என்பது புரிய வேண்டும். அது புரிந்தால்தான் அடுத்த விண்ணப்பத்தில் என்ன எழுத வேண்டும் என்பது தெரியும்.

சிங்கப்பூரில் மருத்துவத்துக்கான பொதுப் பணம் படுக்கையில் இருக்கும் வரை நன்றாகவே வருகிறது. அரசாங்க மருத்துவமனையின் பி2, சி வகுப்பு வார்டுகளுக்கு மானியம் உண்டு. 2015 நவம்பரிலிருந்து குடிமக்கள், நிரந்தரவாசிகள் எல்லாரையும் உள்ளடக்கும் மெடிஷீல்டு லைஃப் காப்பீடு, பெரிய கட்டணத்தில் ஒரு பெரும்பங்கை ஏற்கிறது. மீதிக்கு மெடிசேவ், அதாவது மத்திய சேம நிதியில் (மசேநி) மருத்துவத்துக்கென்று ஒதுக்கிய சொந்தச் சேமிப்பு. அதுவும் போதாதவர்களுக்கு 1993-இல் தொடங்கிய மெடிஃபண்ட். உங்கள் தம்பியின் மூளை அறுவை சிகிச்சைக்கும் சமூக மருத்துவமனை வாசத்துக்கும் கட்டணம் எப்படியோ சமாளிக்கப்பட்டிருக்கும் என்று நினைக்கிறேன். சிக்கல் வீட்டுக்கு வந்த பிறகுதான். அங்கிருந்து பணம் வருவதும் வராததும் பெரும்பாலும் ஒரே ஒரு அளவுகோலைப் பொறுத்தது. குளிப்பது, உடுத்துவது, உண்பது, கழிப்பறையைப் பயன்படுத்துவது, நடமாடுவது, கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுவது ஆகிய ஆறு அன்றாடச் செயல்கள்தான் அது.

2020 அக்டோபரில் வந்த கேர்ஷீல்டு லைஃப், இந்த ஆறில் மூன்றையாவது இன்னொருவர் கைகொடுக்காமல் செய்ய முடியாதவருக்குத்தான் பணம் தருகிறது. மாதம் 600 வெள்ளியில் தொடங்கி, ஆண்டுக்கு 2 விழுக்காடு கூடி, 2025-இல் 662 வெள்ளியானது. 2026 முதல் 2030 வரை ஆண்டுக்கு 4 விழுக்காடு கூடுகிறது. கடும் உடற்குறை இருக்கும் வரை வாழ்நாள் முழுதும் வரும். நல்ல திட்டம்தான். முதுமையில் தளர்ந்து போகிறவருக்கும், பக்கவாதத்தில் ஒரு பக்கம் செயலிழந்தவருக்கும் அந்த அளவுகோல் பொருந்துகிறது. உங்கள் தம்பிக்குப் பொருந்தவில்லை.

காரணம் காயத்தின் தன்மை. வேகமாகப் போகும் வண்டி திடீரென்று நின்றால் மண்டையோட்டுக்குள் மூளை முன்னும் பின்னும் அடித்துக்கொள்கிறது. மண்டையோட்டின் அடித்தளத்தில் கரடுமுரடான எலும்பு விளிம்புகள் இருப்பது நெற்றிக்குப் பின்னாலும் காதுக்கு மேலும் உள்ள பகுதிகளை ஒட்டித்தான். அதனால் அந்த இடங்கள்தான் அதிகம் நசுங்குகின்றன. திட்டமிடுவது, ஒன்றைத் தொடங்கி முடிப்பது, கோபத்தை அடக்குவது, அடுத்து என்ன ஆகும் என்று யோசிப்பது, புதிதாகக் கேட்டதை நினைவில் வைப்பது எல்லாம் அங்கேதான் நடக்கின்றன. கை கால்களை அசைக்கும் பகுதி சற்றுப் பின்னால் இருக்கிறது, பல பேருக்கு அது தப்பித்துவிடும். எனவே ஆள் நடப்பார், பேசுவார், பார்ப்பதற்கு நன்றாக இருப்பார். ஆனால் தனியாக ஒரு நாளை ஓட்ட அவரால் முடியாது.

நான் நேரில் பார்த்த ஒரு சோதனையைச் சொல்கிறேன். மறுவாழ்வுப் பிரிவுகளில் பயிற்சிக்கென்று ஒரு சமையலறை இருக்கும். நாற்பது வயதை ஒட்டிய ஒருவர், கிடங்கில் மேற்பார்வையாளராக இருந்தவர், மாடிப்படியில் விழுந்து மூளையில் அடிபட்டவர். அன்றாட வேலைகளை மறுபடி செய்யப் பழக்கும் செயல்முறை சிகிச்சையாளர் அவரிடம், "ஒரு மேகி செய்து காட்டுங்கள்" என்றார். பாக்கெட்டைப் பிரித்தார், நூடுல்ஸை வெறும் சட்டியில் போட்டார், அடுப்பைப் பற்ற வைத்தார். தண்ணீர் ஊற்றவில்லை. அதற்குள் கைப்பேசி அடித்தது. பேசிக்கொண்டே ஜன்னல் பக்கம் போய்விட்டார். சட்டி கருகும் வாடை வந்தபோதும் திரும்பிப் பார்க்கவில்லை. சிகிச்சையாளர் அடுப்பை அணைத்துவிட்டு, "எப்படிச் செய்தீர்கள்?" என்று கேட்டார். "நன்றாகத்தான் செய்தேன்" என்றார் அவர், உண்மையாகவே அப்படி நம்பிக்கொண்டு. அன்று காலைதான் அந்த ஆறு செயல்களிலும் அவருக்கு யாருடைய உதவியும் தேவையில்லை என்று பதிவாகியிருந்தது.

இரண்டு பதிவுகளுமே உண்மை. ஆனால் கேர்ஷீல்டு கேட்பது காலையில் பதிவானதை மட்டும்.

சரி, அப்படியானால் எங்கே கேட்பது? உடலின் செயல்களை எண்ணாமல், "இவரால் இனி வேலை செய்ய முடியுமா?" என்று கேட்கும் திட்டங்களும் சிங்கப்பூரில் இருக்கின்றன. மூளைக் காயத்தின் மறைந்திருக்கும் பாதிப்பு கணக்கில் வருவது அங்கேதான். குடும்பங்கள் அதிகமாக மறந்துவிடுவதும் இவற்றைத்தான்.

முதலில் டிபிஎஸ் என்று சொல்லப்படும் சார்ந்திருப்போர் பாதுகாப்புத் திட்டம். மத்திய சேம நிதிக்கு முதன்முறை சந்தா கட்டும்போதே, 21 வயதுக்கு மேற்பட்ட குடிமகனும் நிரந்தரவாசியும் தானாகவே இதில் சேர்க்கப்படுகிறார்கள். 60 வயது வரை 70,000 வெள்ளிக் காப்பீடு. இறந்தால் மட்டும்தான் கிடைக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். முழுமையான நிரந்தர இயலாமைக்கும் உண்டு, அதாவது இனி எந்த வேலையும் பார்க்க முடியாது என்ற நிலைக்கும் உண்டு. உங்கள் தம்பி இடையில் விலகியிருந்தாலோ, கணக்கில் பணமில்லாமல் காப்பீட்டுச் சந்தா பிடிக்கப்படாமல் போயிருந்தாலோ காப்பீடு நின்றிருக்கலாம். மசேநி கணக்கில் பாருங்கள், 2021 ஏப்ரலிலிருந்து இதை நடத்தும் கிரேட் ஈஸ்டர்ன் நிறுவனத்தையும் கேளுங்கள்.

இரண்டாவது எச்பிஎஸ், வீட்டுப் பாதுகாப்புத் திட்டம். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) வீட்டுக் கடனை மசேநி பணத்தில் கட்டுகிறவர்கள் இதில் இருந்தாக வேண்டும். இதிலும் அதே நிரந்தர இயலாமை நிபந்தனைதான். ஏற்றுக்கொள்ளப்பட்டால், காப்பீடு செய்த பங்கு அளவுக்கு வீட்டுக் கடன் அடைந்துவிடும். கணவனும் மனைவியும் எவ்வளவு பங்குக்குக் காப்பீடு எடுத்திருக்கிறார்கள் என்பது அவர்களுடைய சான்றிதழில் இருக்கும். ஒரே வருமானத்தில், அதுவும் இப்போது நின்றுபோன வருமானத்தில் இருக்கும் குடும்பத்துக்கு, மாதாமாதம் கட்ட வேண்டிய வீட்டுக் கடன் இல்லாமல் போவது எந்த உதவித்தொகையையும் விடப் பெரியது. மூன்றாவதாக, நிரந்தரமாக வேலைக்குத் தகுதியில்லை என்று மருத்துவர் சான்றளித்தால், மருத்துவக் காரணங்களுக்காக மசேநி சேமிப்பில் ஒரு பகுதியை வயதாகும் முன்பே எடுக்கலாம். அதற்கு அவசரப்பட வேண்டாம் என்பது என் கருத்து. அது அவருடைய முதுமைக்கான பணம். அந்த முதுமை வழக்கத்தைவிடச் சிரமமாக இருக்கும்.

இந்த மூன்றிலும் 'நிரந்தரம்' என்ற நிபந்தனை இருக்கிறது. மூளைக் காயத்தில் முன்னேற்றம் முதல் ஆறு மாதத்தில் வேகமாகவும் பிறகு ஓரிரு ஆண்டு மெதுவாகவும் வரும். அதனால் ஏழாவது மாதத்தில் மருத்துவர் கையெழுத்துப் போடத் தயங்குவார். அவரைக் குறை சொல்ல முடியாது. அந்த இடைக்காலத்தை எப்படித் தாண்டுவது என்பதுதான் உங்கள் உண்மையான கேள்வி.

அதற்கு முதல் இடம் சமூக சேவை அலுவலகம். வசதி குறைந்த குடும்பங்களுக்கு அரசாங்கம் தரும் காம்கேர் நிதியுதவியில் குறுகியகால, நடுத்தரகால உதவி இப்படிப்பட்ட நிலைக்காகவே இருக்கிறது. குடும்பத்தில் சம்பாதித்தவர் விழுந்துவிட்டார், இன்னொருவர் பார்த்துக்கொள்ள வேலையை விட்டுவிட்டார் என்பதுதான் அவர்கள் கேட்டு எடைபோடும் நிலை. அங்கே ஆறு செயல்களின் கணக்கு கிடையாது. உட்லண்ட்ஸிலேயே அலுவலகம் உண்டு. போகும்போது மருத்துவக் குறிப்பு, மனைவியின் கடைசிச் சம்பளச் சீட்டு, வீட்டுச் செலவுக் கணக்கு மூன்றும் கையில் இருக்கட்டும். பள்ளிக்குப் போகும் பிள்ளை இருந்தால் சிண்டாவையும் அணுகுங்கள். சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கம் 1991-இலிருந்து துணைப்பாடத்தோடு குடும்ப நல உதவியும் செய்துவருகிறது. அங்கே தமிழிலேயே பேசலாம் என்பது அம்மா அப்பாவுக்குப் பெரிய ஆறுதல்.

அடுத்தது இல்லப் பராமரிப்பு மானியம். 2019 அக்டோபரில் மாதம் 200 வெள்ளியாகத் தொடங்கி, 2023 மார்ச்சில் வருமானத்தைப் பொறுத்து 250 அல்லது 400 வெள்ளியாகி, 2026 ஏப்ரலிலிருந்து அதிகபட்சம் 600 வெள்ளி வரை உயர்கிறது. இதற்கு வயது வரம்பு இல்லை. ஆனால் இங்கும் ஆறில் மூன்று செயல்களுக்கு எப்போதும் ஏதாவது உதவி தேவை என்று மதிப்பீடு சொல்ல வேண்டும். கேர்ஷீல்டு அளவுக்கு இறுக்கமில்லை என்பதால் முயன்று பார்க்கத் தகுந்தது. பணிப்பெண் வைக்க நினைத்தால் நிபந்தனை இன்னும் இலகு. ஆறில் ஒரே ஒரு செயலுக்கு உதவி தேவைப்பட்டாலும், பணிப்பெண்ணுக்காக முதலாளி அரசாங்கத்துக்குக் கட்டும் தீர்வையில், உடற்குறையுள்ளவருக்கான சலுகைப்படி மாதம் 300 வெள்ளிக்குப் பதில் 60 வெள்ளி கட்டினால் போதும். மனைவி வேலைக்குத் திரும்ப இதுதான் வழியாக அமையலாம். ஆனால் கோபம் கட்டுக்குள் இல்லாத ஓர் ஆணோடு முன்பின் தெரியாத ஒரு பெண்ணை நாள் முழுதும் தனியாக விட்டுவிட்டுப் போகலாமா என்பதை முதலில் யோசியுங்கள். அந்தப் பெண்ணின் பாதுகாப்பும் உங்கள் பொறுப்புதான்.

மதிப்பீட்டு நாளைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். பாதி விண்ணப்பங்களின் தலைவிதி அன்றைக்குத்தான் முடிவாகிறது என்று எனக்குத் தோன்றும். மதிப்பிட வருகிறவர், "குளிக்கிறாரா?" என்று கேட்பார். உங்கள் தம்பி, "நானே குளிப்பேன்" என்று சொல்வார். அவருக்கு அதில் பொய்யில்லை. தன் குறையைத் தானே உணர முடியாமல் போவது இந்தக் காயத்தின் ஓர் அங்கம். அடுத்து வீட்டில் உள்ளவர்களைக் கேட்பார்கள். நம் வீடுகளில் அப்போது என்ன நடக்கும்? அம்மா, "எல்லாம் அவனே செய்துகொள்வான், பாவம்" என்பார். வெளியாள் முன்னால் பிள்ளையைக் குறைத்துச் சொல்ல எந்தத் தாய்க்கு மனம் வரும்? அந்த ஒரு வாக்கியத்தில் மானியம் போய்விடும்.

குளிக்கிறார் என்பதோடு நிறுத்தாதீர்கள். எப்படிக் குளிக்கிறார் என்று சொல்லுங்கள். யாராவது சொன்னால்தான் குளியலறைக்குள் போகிறாரா? சூடுநீரைத் திறந்துவிட்டுச் சும்மா நிற்கிறாரா? சோப்புப் போட்டதை மறந்து மறுபடி போடுகிறாரா? கழுவாமல் வெளியே வந்துவிடுகிறாரா? நேற்றைய அழுக்குச் சட்டையையே மறுபடி மாட்டிக்கொள்கிறாரா? மாத்திரையை இரண்டு முறை விழுங்கியது உண்டா? கூட்டிச் சொல்ல வேண்டியதில்லை, சொல்லவும் கூடாது. நடந்ததை நடந்தபடி சொன்னாலே போதும். அதற்கு ஒரு நோட்டுப் புத்தகம் வையுங்கள். தேதி, நேரம், என்ன நடந்தது, யார் என்ன செய்து தடுத்தார்கள் என்று ஒவ்வொன்றையும் ஒரு வரியில் எழுதுங்கள். மனைவி எழுதட்டும், பகலில் கூட இருப்பவர் அவர்தான். சில வாரக் குறிப்பு கையில் இருந்தால் மருத்துவர் எழுதும் அறிக்கையே மாறிவிடும், ஏனென்றால் பத்து நிமிட ஆலோசனையில் அவருக்குத் தெரியாதது அதில் இருக்கும்.

அதோடு இரண்டு அறிக்கைகளைக் கேட்டு வாங்குங்கள். ஒன்று நரம்பியல் உளவியல் மதிப்பீடு. நினைவு, கவனம், திட்டமிடுதல், தன்னடக்கம் எல்லாவற்றையும் சில மணி நேரம் சோதித்து, அவருடைய வயதுக்கும் படிப்புக்கும் எவ்வளவு இருக்க வேண்டும், எவ்வளவு இருக்கிறது என்று எழுத்தில் தருவார்கள். அரசாங்க மருத்துவமனையில் அவரைப் பார்க்கும் நரம்பியல் அல்லது மறுவாழ்வு மருத்துவரிடம், இதற்குப் பரிந்துரைக் கடிதம் வேண்டும் என்று வாய்விட்டுக் கேளுங்கள். காத்திருக்க நேரும், அதனால் இப்போதே கேளுங்கள். இன்னொன்று செயல்முறை சிகிச்சையாளரின் செயல்பாட்டு அறிக்கை. நான் மேலே சொன்ன சமையலறைச் சோதனை மாதிரி, கடைக்குப் போய் மூன்று பொருள் வாங்கி வருவது, பேருந்து மாறிப் போவது போன்றவற்றைப் பார்த்து எழுதியதாக இருந்தால் நல்லது. இந்த இரண்டு தாள்களும் டிபிஎஸ், எச்பிஎஸ், இழப்பீட்டு வழக்கு, வேலைத் திட்டம் என்று எல்லா இடத்திலும் பயன்படும். நிலைமை மாறினால் கேர்ஷீல்டுக்கே மறுபடி விண்ணப்பிக்கலாம், ஒருமுறை மறுத்தது கடைசி முடிவு இல்லை.

சிகிச்சைப் பணம் பற்றி. மெடிஷீல்டு லைஃப் வெளிநோயாளி மறுவாழ்வு சிகிச்சைக்குக் கைகொடுக்காது. நாள்நேர மறுவாழ்வு மையத்துக்கு, குடும்பத்தின் தலா வருமானத்தைப் பொறுத்து மானியம் உண்டு. மெடிசேவிலிருந்து ஒரு நாளைக்கு 25 வெள்ளி, ஆண்டுக்கு 1,500 வெள்ளி வரை எடுக்கலாம். தலா வருமானம் என்பது சேர்ந்து வாழும் குடும்பத்தாரின் மொத்த வருமானத்தை ஆட்களின் எண்ணிக்கையால் வகுப்பது. மனைவி வேலையை விட்ட பிறகு அந்தக் கணக்கு குறைந்திருக்கும், மருத்துவமனையில் இருந்தபோது போட்ட கணக்கையே வைத்துக்கொண்டிருந்தால் மறுமதிப்பீடு கேளுங்கள். பல மையங்களில் வருகிறவர்கள் எழுபது, எண்பது வயதுக்காரர்கள். 33 வயதுக்காரர் அவர்கள் நடுவில் பந்து பிடித்து விளையாட மாட்டேன் என்று அடுத்த வாரமே நின்றுவிடுவார். நான் பார்த்தவரை, இளம் வயதில் அடிபட்டவர்கள் சிகிச்சையை விட்டுவிடுவதற்குப் பணத்தைவிட இதுதான் பெரிய காரணம். உடற்குறையுள்ளவர்களுக்காக 1964-இலிருந்து இயங்கும் எஸ்பிடி போன்ற அமைப்புகளிடம் கேட்டுப் பாருங்கள். விபத்துக்கும் பக்கவாதத்துக்கும் பிறகு வேலைக்குத் திரும்ப விரும்புகிறவர்களுக்கென்றே அவர்கள் ஒரு பயிற்சித் திட்டம் நடத்துகிறார்கள். ஒருங்கிணைந்த பராமரிப்பு அமைப்பான ஏஐசிக்கும் இதைச் சொல்லுங்கள், வயதுக்கு ஏற்ற இடம் வேண்டும் என்று.

வேலை என்று வரும்போது, உடற்குறையுள்ளவர்களுக்கு உதவும் எஸ்ஜி எனேபிள் அமைப்பு. லெங்கோக் பாருவில் 2015-இல் திறந்த எனேபிளிங் வில்லேஜில் இருக்கிறது. உடற்குறையுள்ள ஊழியரை வைத்திருக்கும் முதலாளிக்கு, மாதச் சம்பளம் 4,000 வெள்ளிக்குக் கீழ் இருந்தால், அதில் 20 விழுக்காடு வரை, அதிகபட்சம் 400 வெள்ளியை அரசாங்கம் ஈடுகட்டுகிறது. பழைய முதலாளி நல்லவராக இருந்தால், குறைந்த நேர, எளிய வேலைக்குத் தம்பியைத் திரும்ப எடுக்கத் தூண்ட இது உதவும். ஒரு சிக்கல் உண்டு. இத்தகைய திட்டங்களில் உடற்குறை என்பது உடல், புலன், அறிவுத்திறன், ஆட்டிசம் என்று பிரிக்கப்படுகிறது. வளர்ந்த பிறகு விபத்தில் வந்த சிந்தனைக் குறை இவற்றில் எதிலும் சரியாக உட்காராது. அதனால்தான் அந்த நரம்பியல் உளவியல் அறிக்கையை வற்புறுத்துகிறேன்.

இனி விபத்தைப் பற்றி நீங்கள் சொல்லாத ஒன்று. அப்போது அவர் வேலையில் இருந்தாரா? உணவு விநியோகத்தில் இருந்தாரா? 2025 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ள, செயலி வழி வேலை செய்பவர்களுக்கான தள ஊழியர்கள் சட்டம், விநியோக ஓட்டுநர்களுக்கும் மற்ற ஊழியர்களைப் போலவே வேலையிட விபத்து இழப்பீட்டை உறுதிசெய்கிறது. வேலை நிமித்தமாக ஓட்டியிருந்தால் யார் மேல் தவறு என்ற பேச்சே அங்கே இல்லை. மருத்துவச் செலவுக்கான உச்சவரம்பு 45,000 வெள்ளியாக இருந்தது, 2025 நவம்பர் 1 முதல் நடக்கும் விபத்துகளுக்கு 53,000. நிரந்தர இயலாமைக்கான உச்சத்தொகை 289,000-இலிருந்து 346,000 ஆனது. விபத்து நடந்த ஓராண்டுக்குள் கோர வேண்டும், உங்களுக்கு இன்னும் ஐந்து மாதம்தான் இருக்கிறது. வேலைக்குச் சொந்த வண்டியில் போய்வரும் வழியில் நடந்த விபத்து பொதுவாக இதில் சேராது. அப்படியானால் எதிர்த்தரப்பு வாகனத்தின் காப்புறுதியிடம் வழக்கறிஞர் மூலம் கோரலாம், அதற்கு மூன்றாண்டு அவகாசம். இரண்டு வழியிலும் சேர்த்து வாங்க முடியாது, எது என்று வழக்கறிஞரோடு பேசி முடிவெடுங்கள். காப்புறுதி நிறுவனம் சீக்கிரமே ஒரு தொகையைச் சொல்லி முடிக்கப் பார்த்தால் ஒப்புக்கொள்ளாதீர்கள். எலும்பு முறிவுக்கு நியாயமான தொகை, முப்பது வருடம் ஒருவர் கூடவே இருந்து பார்த்துக்கொள்ள வேண்டிய நிலைக்கு ஒன்றுமே இல்லை.

நம் ஊர்களிலிருந்து வந்து இங்கே கட்டுமானத்திலும் கப்பல் பட்டறையிலும் வேலை செய்யும் தம்பிகளுக்கும் இந்த வேலையிட விபத்து இழப்பீடு பொருந்தும். மெடிசேவோ மெடிஷீல்டோ மானியமோ இல்லாத அவர்களுக்கு இருப்பது இதுவும், முதலாளி எடுக்க வேண்டிய மருத்துவக் காப்புறுதியும்தான். அந்தக் காப்புறுதியின் குறைந்தபட்சம் 2023 ஜூலையில் 15,000 வெள்ளியிலிருந்து 60,000 ஆனது. சாரத்திலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட ஒருவரை, நடக்க ஆரம்பித்ததும் விமானம் ஏற்றிவிட அவசரப்படுவார்கள். இயலாமை மதிப்பீடு முடியும் முன் அவர் கிளம்பக் கூடாது. தெரிந்தவர் யாராவது அந்த நிலையில் இருந்தால் மனிதவள அமைச்சிலோ வெளிநாட்டு ஊழியர் நிலையத்திலோ பேசச் சொல்லுங்கள்.

வயதைப் பற்றியும் ஒரு வார்த்தை, இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக. கேர்ஷீல்டு 30 வயதில்தான் தொடங்குகிறது. மெடிசேவிலிருந்து மாதம் 200 வெள்ளி வரை எடுக்கும் மெடிசேவ் கேர், வசதி குறைந்தவர்களுக்கான எல்டர்ஃபண்ட் இரண்டும் அப்படியே. 22 வயதில் பைக்கிலிருந்து விழுந்து படுக்கையிலேயே கிடக்கும் பையனுக்கு எட்டு ஆண்டுகள் இவை எதுவும் கிடையாது. 1980-இலோ அதற்குப் பிறகோ பிறந்தவர் என்றால், 30 வயதாகும்போது ஏற்கெனவே உடற்குறை இருந்தாலும் கேர்ஷீல்டில் சேர்க்கப்படுவார், அன்றிலிருந்து கோரலாம். தகவல் தெரியாமல் அதற்குப் பிறகும் விண்ணப்பிக்காமல் இருப்பவர்கள் உண்டு. மறுபக்கம், கேர்ஷீல்டுக்கு முந்தைய எல்டர்ஷீல்டில் மட்டும் இருப்பவர்களுக்கு மாதம் 300 வெள்ளி ஐந்து ஆண்டோ 400 வெள்ளி ஆறு ஆண்டோ வந்து நின்றுவிடும்.

இந்த ஆறு செயல் அளவுகோல் மாற வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஆஸ்திரேலியாவின் தேசிய உடற்குறைக் காப்புறுதித் திட்டம் 2013-இல் வந்தபோது, தகுதிக்குப் பார்க்கும் துறைகளில் நடமாட்டம், தன் உடலைப் பேணுவதோடு, பிறரோடு பழகுதல், கற்றல், தன் காரியங்களைத் தானே நிர்வகித்தல் ஆகியவற்றையும் சட்டத்திலேயே சேர்த்தார்கள். அங்கே உங்கள் தம்பியின் நிலை கேள்வித்தாளுக்குள் வந்துவிடும். வரிச்சுமை, மக்கள்தொகை எல்லாம் வேறு என்பது தெரியும். ஆனாலும் இல்லப் பராமரிப்பு மானியத்தில் மட்டுமாவது, இடைவிடாத மேற்பார்வை தேவைப்படுவதை ஒரு தனித் தகுதியாகச் சேர்க்கப் பெரிய பணம் தேவைப்படாது. முதுமை மறதி உள்ளவர்களைப் பார்த்துக்கொள்ளும் குடும்பங்களும் இதையேதான் கேட்கின்றன. உங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரின் மக்கள் சந்திப்பு நாளில் போய், இந்த மறுப்புக் கடிதத்தைக் காட்டிச் சொல்லுங்கள். இப்படிப்பட்ட கடிதங்கள் கண்ணில் பட்டால்தான் விதியைத் திருத்துகிறவர்களுக்கு இது தெரியவரும்.

கடைசியாக, பணம் வந்தாலும் அதைத் தொட முடியாமல் போகக்கூடிய ஒரு நிலை. தம்பியின் வங்கிக் கணக்கு, மசேநி, இழப்பீட்டுத் தொகை எல்லாம் அவர் பெயரில். கையில் காசு நிற்காது என்று நீங்களே சொல்கிறீர்கள். 2010-இல் நடப்புக்கு வந்த மனநலத் திறன் சட்டப்படி, மனைவி என்பதற்காக அவர் அதில் கைவைக்க முடியாது. விபத்துக்கு முன்பே எல்பிஏ எனப்படும் அதிகாரப் பத்திரம் எழுதியிருந்தால் சரி. இல்லையென்றால் இரண்டு வழி. திறன் என்பது ஒவ்வொரு முடிவுக்கும் தனித்தனியாகப் பார்க்கப்படுவது. பெரிய தொகையைக் கையாளத் தெரியாதவருக்கும், "என் சார்பில் என் மனைவி முடிவெடுக்கட்டும்" என்பதன் பொருள் புரியக்கூடும். அப்படி மருத்துவர் சான்றளித்தால் இப்போதுகூட எல்பிஏ எழுதலாம். புரியவில்லை என்றால் குடும்ப நீதிமன்றத்தில் மனைவியைப் பிரதிநிதியாக நியமிக்கக் கேட்க வேண்டும், அதற்குக் காலமும் செலவும் ஆகும். டிபிஎஸ் பணமோ இழப்பீடோ வரும் முன் இதை முடித்துவிடுங்கள். அடுத்த மருத்துவ ஆலோசனைக்குப் போகும்போது நரம்பியல் உளவியல் மதிப்பீட்டையும் எல்பிஏ பற்றிய கேள்வியையும் சேர்த்தே கேட்டுவிடுங்கள், இரண்டையும் அதே மருத்துவரிடமிருந்துதான் தொடங்க முடியும்.